வளைச்சுப் போடணும், குண்டுக்கும் தப்பணும்: காசு குடுக்காம எந்த கேமை இறக்கலாம்?

போன மே மாசம் அக்கா பையன் லீவுக்கு வந்து பத்து நாள் எங்க வீட்ல இருந்தான். வீட்ல இருக்கிறது 2 ஜிபி ராம் வச்ச ஒரு பழைய லேப்டாப், விண்டோஸை இழுக்க முடியாம முக்கினதால லினக்ஸ் போட்டு வச்சிருக்கேன், பையன் கேட்டதோ அம்பது அறுபது ஜிபி இருக்கிற துப்பாக்கி கேம், அதை எங்க வீட்டு நெட்ல இறக்கி முடிக்கிறதுக்குள்ள அவனுக்கு ஸ்கூல் திறந்துரும். சரின்னு சின்ன சைஸா, காசு இல்லாம, ஆனா உட்கார்ந்தா எந்திரிக்க விடாத மாதிரி ஒண்ணு தேட ஆரம்பிச்சேன்.

மனசுல இருந்தது ஒரு குறிப்பிட்ட ரகம். ஸ்க்ரீன் பூரா காலி நிலம், ஓரத்துல வரப்பு, நீங்க அந்த வரப்புல நடக்கறீங்க, தைரியம் வந்தா உள்ள இறங்கி ஒரு கோடு போட்டுக்கிட்டே போய் வேற பக்கம் வரப்புல ஏறிட்டீங்கன்னா நடுவுல அடைபட்ட நிலம் பூரா உங்க பேர்ல பட்டா. கோடு முடியறதுக்குள்ள உள்ள சுத்துற ஜந்து உங்களையோ கோட்டையோ தொட்டுட்டா ஒரு லைஃப் காலி. இது பாதி. மீதி பாதி புல்லட் ஹெல்னு சொல்றாங்களே அந்த சமாச்சாரம், ஜப்பான்காரன் அதை தன்மாக்குன்னு சொல்வான், குண்டுத் திரைன்னு அர்த்தம், ஸ்க்ரீன் முழுக்க கலர் கலரா குண்டு வரும், நடுவுல மயிரிழை இடம் கிடைக்கும், அதுல பூந்து வரணும். இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டு கலக்கினா எப்படி இருக்கும்? நிலம் பிடிக்கற ஆசை ஒரு பக்கம் இழுக்குது, குண்டு இன்னொரு பக்கம் விரட்டுது. எனக்கு அது தான் வேணும். கிடைச்சதா, எதை எடுத்தேன், உங்களுக்கு எது சரிப்படும்னு கீழே சொல்றேன்.

முதல்ல ஒரு எச்சரிக்கை. ஃப்ரீவேர்னு தேடினா வர்ற முதல் பத்து இடத்துல பாதி ஆபத்து. அப்படி ஒரு டவுன்லோட் சைட்ல (பேர் வேண்டாம்) முன்னாடி விண்டோஸ் இருந்த காலத்துல ஒரு கோடு போடற கேமை இறக்கினேன், கேம் 3 எம்பி, அதோட ஒட்டிக்கிட்டு வந்த டூல்பார், சர்ச் பக்கம் மாத்தறது, கம்ப்யூட்டரை சுத்தம் பண்றேன்னு சொல்லி காசு கேக்கறதுன்னு மூணு பிசாசு, அதை ஓட்டவே ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு. அதனால இந்த தடவை ரூல் போட்டுக்கிட்டேன், ஒண்ணு எழுதின ஆளோட சொந்த பக்கத்துல இருந்து வரணும், இல்ல லினக்ஸ்காரங்களே சாஃப்ட்வேரை சேர்த்து வச்சிருக்கிற அவங்க சொந்த கிடங்குல இருந்து வரணும். இன்னொரு விஷயம், ஃப்ரீவேர்னா சும்மா குடுக்கறான்னு மட்டும் தான் அர்த்தம், உள்ள ப்ரோக்ராம் எப்படி எழுதியிருக்குன்னு காட்டணும்னு கட்டாயம் இல்ல. அந்த ப்ரோக்ராமையும் சேர்த்து திறந்து குடுத்தா அது ஓப்பன் சோர்ஸ், வேற கணக்கு.

எல்லாத்துக்கும் ஆதி மூலம் 1981ல டைட்டோங்கற ஜப்பான் கேம் கம்பெனியோட அமெரிக்கக் கிளை வெளியிட்ட கிக்ஸ். ராண்டி ஃபைஃபர், சாண்டி ஃபைஃபர்னு ரெண்டு பேர் செஞ்சது. அதுல உள்ள சுத்துறது ஒரு குச்சிக் கட்டு மாதிரி நெளியற கோடுகள், அது எந்த பக்கம் திரும்பும்னு கணிக்கவே முடியாது, அதுதான் அந்த கிக்ஸ். முக்கால்வாசி, அதாவது 75 சதவீதம் பிடிச்சா அடுத்த ரவுண்டு. இவ்ளோ தானான்னு கேக்காதீங்க, அந்த கேம்ல ஒளிஞ்சிருக்கிற புத்திசாலித்தனத்தை இன்னிக்கு வரைக்கும் பல பேர் காப்பி அடிச்சும் முழுசா பிடிக்கல. கோடு போட ரெண்டு பட்டன், ஒண்ணு வேகம், ஒண்ணு மெதுவு. மெதுவா போட்டா பாயிண்ட் ரெட்டிப்பு. உள்ள இறங்கி பயத்துல நடுவுல நின்னுட்டா நீங்க போட்ட கோட்டு மேலயே ஒரு திரி பத்திக்கிட்டு உங்களைத் தேடி வரும், அதனால யோசிக்கறதை எல்லாம் வரப்புலயே யோசிச்சு முடிச்சுட்டு இறங்கணும். சரி வரப்புலயே நின்னு யோசிக்கலாம்னா அங்கயும் நிம்மதி கிடையாது, ஸ்பார்க்ஸ்னு தீப்பொறிங்க ஓரமா சுத்திக்கிட்டே வரும். மேல ரவுண்டுல ரெண்டு கிக்ஸ் வரும், நடுவுல கோட்டைப் போட்டு ரெண்டையும் தனித்தனியா பிரிச்சுட்டா ரவுண்டு அங்கயே முடியும், அடுத்த ரவுண்டுல இருந்து பாயிண்ட் பெருக்கல் ஏறும். அந்த பிரிக்கற கோட்டைப் போடும்போது வர்ற நெஞ்சடைப்பு இருக்கே, நாப்பது வருஷத்துக்கு முந்தின கேம்னு யாரும் நம்ப மாட்டாங்க.

ஆனா இது ஃப்ரீவேர் கிடையாது. மேம்னு ஒரு எமுலேட்டர் இருக்கு, பழைய கேம் மெஷின் மாதிரி கம்ப்யூட்டரை நடிக்க வைக்கற சாஃப்ட்வேர், 1997ல வந்தது, அது சும்மா கிடைக்கும், 2016ல இருந்து முழுசா ஓப்பன் சோர்ஸ், ஆனா அதுல ஓட வேண்டிய கேமோட ரோம் ஃபைல், அதாவது அந்த மெஷின் சிப்ல இருந்த கேமோட நகல், டைட்டோவோட சொத்து, நெட்ல கிடக்குதுங்கறதுக்காக நம்மளுது ஆயிடாது. நேர் வழியில வேணும்னா நின்டெண்டோ ஸ்விட்ச்ங்கற கேம் மெஷின் வச்சிருக்கறவங்க 2022ல வந்த டைட்டோ மைல்ஸ்டோன்ஸ் தொகுப்பை வாங்கினா அதுல கிக்ஸ் இருக்கு. எங்க வீட்ல ஸ்விட்ச்சுக்கு இருக்கிற ஒரே அர்த்தம் ஃபேன் போடறது தான், அதனால அடுத்தது.

குண்டு விஷயத்துல கிக்ஸ்ல பெருசா ஒண்ணும் இல்ல, அதுல எவனும் சுடறதில்ல. நான் கேட்ட கலவைக்கு ரொம்ப கிட்ட வர்றது அதே டைட்டோ 1989ல விட்ட வோல்ஃபீட். செகாவோட மெகா டிரைவ் கேம் மெஷின்ல அமெரிக்காவுக்கு போகும்போது அல்டிமேட் கிக்ஸ்னு பேர் மாத்திட்டாங்க. இங்க 80 சதவீதம் பிடிக்கணும். ஒவ்வொரு ரவுண்டுலயும் ஒரு பெரிய பாஸ், அதைச் சுத்தி சில்லறை எனிமிங்க, தாக்குதலும் வரும். உங்க வண்டி வரப்புல இருக்கிற வரைக்கும் கவசம் காப்பாத்தும், ஆனா அந்த கவசத்துக்கு ஒரு கடிகாரம் ஓடுது, நேரம் தீர்ந்துட்டா வரப்பும் பாதுகாப்பில்ல. கோடு போட இறங்கின நிமிஷம் கவசம் கிடையாது. சில்லறை எனிமிங்களை வளைச்சு உள்ள அடைச்சுட்டா அதுங்க சாகும், அங்கங்க கிடக்கிற பெட்டிகளை வளைச்சா உள்ள இருந்து வேகம், ஆயுதம்னு ஏதாவது கிடைக்கும். அதாவது நிலம் பிடிக்கறதே இங்க ஆயுதம். மாமல்லனா இருக்க வேண்டாம், நல்ல சர்வேயரா இருந்தா போதும். என்கிட்ட கேட்டா இந்த ரகத்துல இதுதான் ராஜா, ஆனா இதுவும் சும்மா கிடைக்கற சரக்கு இல்ல.

இதுக்கு நடுவுல கால்ஸ் பேனிக்னு ஒண்ணு, கனேக்கோ கம்பெனி 1990ல விட்டது, அதே நிலம் பிடிக்கற ஆட்டம் தான், பிடிக்கப் பிடிக்க பின்னாடி ஒரு பொண்ணு போட்டோ தெரியும். ஆட்டம்னு பாத்தா நல்லாவே இருக்கும், ஆனா வீட்ல பையனை வச்சுக்கிட்டு தேடினா மாட்டிக்குவீங்க, நெட்ல சும்மா கிடைக்கற காப்பிங்கள்ல நிறைய இந்த வழியில வந்ததுங்க, பேரைப் பாத்தா தெரியாது, மூணாவது ரவுண்டுல தான் தெரியும். அக்கா சமையல்கட்டுல இருந்து எட்டிப் பாக்கற நேரமா பாத்து தெரியும்.

அடுத்து ஜோனிக்ஸ். 1984ல இலான் ராப், டேனி காட்ஸ்னு ரெண்டு பேர் டாஸ் கம்ப்யூட்டருக்கு எழுதினது. கிக்ஸ்ல வரப்புல மட்டும் தான் நடக்க முடியும், இதுல பிடிச்ச நிலம் மேல எங்க வேணா நடக்கலாம், கடலுக்குள்ள இறங்கினா தான் கோடு. கடல்ல பந்துங்க குதிச்சுக்கிட்டு இருக்கும், நிலத்துலயும் ஒரு திருட்டுப் பய சுத்துவான். இதோட காப்பி உலகம் பூரா இருக்கு, பிரவுசர்லயே ஆடற மாதிரி நூத்துக்கணக்குல இருக்கு. விதி சுலபம், பந்து நேர்கோட்டுல போய் மோதி திரும்பும், அதனால கணிக்கலாம். கணிக்கலாம்ங்கறது பலமும் தான் பலவீனமும் தான், பத்து நிமிஷத்துல கை பழகிடும், அப்புறம் தூக்கம் வரும்.

தூக்கம்னதும் ஜெஸ்பால் ஞாபகம் வருது. டிமா பாவ்லோவ்ஸ்கி எழுதினது, 1992ல மைக்ரோசாஃப்ட் என்டர்டெயின்மென்ட் பேக்ல வந்தது. இதுல நீங்க உள்ள இறங்கவே மாட்டீங்க, மவுஸால ஒரு இடத்துல க்ளிக் பண்ணா அங்க இருந்து ரெண்டு பக்கமும் சுவர் வளரும், வளரும்போது பந்து பட்டா அந்தப் பக்க சுவர் உடையும், ஒரு லைஃப் போகும். முதல் லெவல்ல ரெண்டு பந்து, அடுத்ததுல மூணுன்னு ஏறிக்கிட்டே போகும், இதுலயும் 75 சதவீதம் தான். இதோட லினக்ஸ் தம்பி கேபவுன்ஸ், கேடிஈங்கற லினக்ஸ் டெஸ்க்டாப்போட கேம்ஸ் கூட வர்றது, முழு ஓப்பன் சோர்ஸ், கிடங்குல இருந்து ஒரே கட்டளையில இறங்கிடும், ரைட் க்ளிக் பண்ணா சுவர் நிக்குமா படுக்குமான்னு மாறும். எட்டு வயசுல இருந்து எண்பது வயசு வரைக்கும் யாரும் ஆடலாம். எங்க அம்மா ஆடறாங்க, சீரியல் விளம்பர இடைவேளையில. ஆனா புல்லட்? மூச்.

போன்ல பேப்பர் டாட் ஐஓன்னு ஒண்ணு பலரும் பாத்திருப்பீங்க, 2016ல வூடு கம்பெனி விட்டது, அதே வருஷம் ஸ்ப்ளிக்ஸ் டாட் ஐஓவும் வந்துச்சு. அதே வளைச்சுப் போடற கதை தான், ஆனா எதிரி ஜந்து கிடையாது, மத்த ஆட்டக்காரங்க. உங்க வால் மேல எவனாவது ஏறினா நீங்க காலி, அவன் வால் மேல நீங்க ஏறினா அவன் காலி. நல்லா ஆடத் தெரிஞ்சவனுக்கு இது சதுரங்கம் மாதிரி. ஆனா போன்ல ரெண்டு ஆட்டத்துக்கு ஒரு விளம்பரம், அதுல மூடற பெருக்கல் குறி எங்க இருக்குன்னு தேடறதே தனி லெவல். அந்த லெவல்ல நான் எப்பவும் தோக்கறேன்.

இப்ப குண்டு பக்கம் வருவோம். இந்த வகையோட தொடக்கமா பலரும் சொல்றது டோப்லான் 1993ல விட்ட பட்சுகுன், அந்த கம்பெனி மூடினதும் அங்க இருந்தவங்க ஆரம்பிச்ச கேவ் 1995ல டான்பாச்சின்னு ஒண்ணு விட்டு இதை ஒரு தனி ரகமாவே ஆக்கிட்டாங்க. இதோட ரகசியம் ரொம்ப சின்னது, ஸ்க்ரீன்ல கப்பல் பெருசா தெரியும், ஆனா குண்டு பட்டா சாகற இடம் நடுவுல சில புள்ளி தான், அதனால பாக்கறவனுக்கு நீங்க செத்துட்டீங்கன்னு தோணும், ஆனா தப்பிச்சிருப்பீங்க. பின்னாடி நிக்கறவன் ஐயோங்கறதும் நாம அலட்டிக்காம போறதும், அது ஒரு தனி போதை.

சும்மா கிடைக்கறதுல இந்தப் பக்கம் ஒரே ஒரு பேர் தான் சொல்வேன், கென்டா சோ. ஜப்பான்காரர், ஏபிஏ கேம்ஸ்னு பேர் வச்சு 2000களோட ஆரம்பத்துல இருந்து தனியாளா கேம் செஞ்சு, எழுதின ப்ரோக்ராமையும் சேர்த்து குடுத்துட்டார். ஆர் ரூட்டேஜ், பார்செக் 47, டுமிக்கி ஃபைட்டர்ஸ், டோரஸ் ட்ரூப்பர், கன்ரோர்னு வரிசையா இருக்கு, ஒவ்வொண்ணும் சில எம்பி தான், பல டெபியன், உபுண்டுங்கற லினக்ஸ் வகைங்களோட கிடங்குலயே உண்டு, எங்க 2 ஜிபி லேப்டாப்ல வெண்ணெய் மாதிரி ஓடுது. ஆர் ரூட்டேஜ்ல சில்லறை எனிமியே கிடையாது, நேரா பாஸ், அதோட நாலு விதமா ஆடலாம், ஒண்ணுல குண்டை உரசிக்கிட்டே போனா பலன், ஒண்ணுல கப்பல் கலரை மாத்தி அதே கலர் குண்டை முழுங்கலாம், ஒண்ணுல குண்டையே திருப்பி அடிக்கலாம். குண்டு எப்படி வரணும்னு எழுதறதுக்குன்னே புல்லட்எம்எல்னு ஒரு மொழியே உண்டாக்கி வச்சிருக்கார் மனுஷன். பாராட்டணும். ஆனா இவர் கேம்ல நிலம் கிடையாது, தப்பிக்கறது, சுடறது, அவ்ளோ தான். பையன் நாலு நிமிஷம் ஆடிட்டு லேப்டாப்பைத் தள்ளினான். "மாமா, இதுல நான் என்ன பண்ணாலும் அவன் தான் முடிவு பண்றான்" அப்படின்னான்.

பத்து வயசுப் பையன் சொன்ன இந்த ஒரு வரியில தான் எனக்கு மொத்த கணக்கும் புரிஞ்சது. புல்லட் ஹெல்ல ஆபத்து எவ்ளோ வரணும்னு எதிர்ல இருக்கறவன் தீர்மானிக்கறான். கோடு போடற கேம்ல நீங்க தீர்மானிக்கறீங்க, எவ்ளோ தூரம் இறங்கறீங்களோ அவ்ளோ ஆபத்து. அகலக்கால் வைக்காதேன்னு ஊர்ல சொல்வாங்களே, அதை அப்படியே ஒரு கேமா செஞ்சு வச்ச மாதிரி.

இதை ஒரு கணக்கா பாருங்க. மேல் வரப்புல இருந்து பத்து கட்டம் கீழ இறங்கி, அப்புறம் இடது பக்கம் பத்து கட்டம் போய் இடது வரப்புல ஏறறீங்க. 20 கட்ட கோடு, கிடைக்கற நிலம் கிட்டத்தட்ட 100 கட்டம். அதையே இருபது இருபதா போனா கோடு 40 தான், நிலம் 400. ரெண்டு மடங்கு நடந்தா நாலு மடங்கு நிலம், அட சூப்பரா இருக்கேன்னு தோணும். அங்க தான் ஆசை உங்களை ஏய்க்குது. ஏன்னா நீங்க நடக்கிற ஒவ்வொரு நொடியும் பின்னாடி விட்டுட்டு வந்த முழு கோடும் திறந்து கிடக்குது. முதல் அடியில ஒரு கட்டம் ஆபத்துல, ரெண்டாவது அடியில ரெண்டு கட்டம், இப்படி கூட்டினா 20 அடிக்கு 210, 40 அடிக்கு 820. ஆபத்தும் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஏறிடுது. ஆக பெருசா வளைச்சா லாபம்ங்கறது பிரமை, நேரம் மட்டும் தான் மிச்சம். அந்த நேரத்தை எதுக்கு மிச்சம் பிடிக்கணும்? அதுக்குத் தான் கிக்ஸ்ல தீப்பொறி, வோல்ஃபீட்ல கவசக் கடிகாரம், ஜோனிக்ஸ்ல நிலத்துல சுத்துற திருட்டுப் பய. வரப்புல சும்மா உட்கார விடக்கூடாது, அப்ப தான் ஆசைக்கு வேலை. நீங்க எந்த காப்பியை இறக்கினாலும் முதல்ல இதைப் பாருங்க, ஆரம்பிச்சதும் ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்க, ஒண்ணும் ஆகலைன்னா அழிச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க.

இதெல்லாம் பாத்துட்டு ரெண்டையும் நானே கலந்து பாக்கலாமேன்னு கை அரிச்சுது. நான் பெரிய ப்ரோக்ராமர் எல்லாம் கிடையாது, ஆபீஸ்ல எக்செல் ஷீட்டை மேய்க்கறதுக்கு பைத்தான் கத்துக்கிட்டவன், பைத்தான்ல கேம் எழுத உதவற பைகேமைப் போட்டு ரெண்டு ராத்திரியில ஒரு ஜோனிக்ஸ் எழுதினேன். 60க்கு 40 கட்டம், மொத்தம் 2400, அதுல 1800 பிடிச்சா ஜெயிப்பு. நிலத்தை நிரப்பறது எப்படின்னு ரொம்ப யோசிச்சேன், எந்த பக்கம் சின்னதுன்னு அளந்து பாக்கணுமோன்னு குழம்பினேன், விடை ரொம்ப சுலபம், எனிமி நிக்கற கட்டத்துல இருந்து தண்ணியைத் திறந்து விடற மாதிரி நாலா பக்கமும் பரவ விடுங்க, தண்ணி எட்டாத கட்டம் எல்லாம் உங்களுது. வயலுக்கு மடை திறந்த மாதிரியே தான். அப்புறம் எனிமிக்கு துப்பாக்கி குடுத்தேன், முக்கால் செகண்டுக்கு ஒரு தடவை பையன் இருக்கற இடத்தைப் பாத்து ஒரு குண்டு, அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை வட்டமா 12 குண்டு.

இங்க தான் ஒரு கேள்வி வந்துச்சு, இந்த ரகத்துல எதை எடுத்தாலும் கேக்க வேண்டிய கேள்வி இது தான்னு இப்ப நினைக்கறேன். குண்டு ஆளை மட்டும் கொல்லுமா, கோட்டையும் வெட்டுமா?

முதல்ல கோட்டையும் வெட்டற மாதிரி வச்சேன். சாதாரண புல்லட் ஹெல்ல நம்மளைக் குறி வச்சு வர்ற குண்டுக்கு தப்பிக்கறது சுலபமான வேலை, நகர்ந்துக்கிட்டே இருந்தா போதும், குண்டு நாம முன்னாடி இருந்த இடத்துக்குப் போகும், அங்க நாம இருக்க மாட்டோம். ஆனா கோடு போடற கேம்ல நாம முன்னாடி இருந்த இடத்துல என்ன இருக்கு? நம்ம கோடு! ஆளுக்குத் தப்பின குண்டு ஒவ்வொண்ணும் அழகா போய் கோட்டுல விழுது. பையன் பதினஞ்சு தடவை செத்தான், பதினஞ்சு தடவையும் "நான் தான் தப்பிச்சுட்டேனே"ன்னு கத்தினான். பாவமா இருந்துச்சு.

சரின்னு ரெண்டாவது, ஆளை மட்டும் கொல்லும், கோட்டை எனிமி நேரா தொட்டா தான் வெட்டும்னு மாத்தினேன். இது வேற கேம் ஆயிடுச்சு. இப்ப குண்டுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போறான், கோடும் வளைஞ்சு வளைஞ்சு விழுது, பிடிச்ச நிலத்தோட ஓரம் எல்லாம் பல்லு பல்லா நிக்குது, அந்தப் பல்லு ஒவ்வொண்ணும் அவன் எங்க எங்க தப்பிச்சான்னு காட்டுது. அதைப் பாக்கவே அழகு. இன்னொண்ணு நான் திட்டம் போடாமலே வந்துச்சு, பிடிச்ச நிலத்துல குண்டு மோதினா மறையற மாதிரி வச்சிருந்தேன், அதனால பிடிச்ச நிலம் சுவர் ஆயிடுச்சு, பையன் முதல்ல நடுவுல ஒரு ஒல்லியான நாக்கு மாதிரி நிலத்தை நீட்டிக்கிட்டு போய் அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு மறுபக்கம் வளைக்கறான். யாரும் சொல்லிக் குடுக்கல. நிலம் அவனுக்கு பாயிண்ட் இல்ல, மறைவு.

அதோட பிடிக்கப் பிடிக்க கேம் தானா கஷ்டமாச்சு. 1800 கட்டம் நெருங்கும்போது காலி இடம் 600 தான் மிச்சம், எனிமி சுடறது அதே அளவு குண்டு, இடமோ ஆரம்பத்துல இருந்ததுல கால்வாசி, குண்டு நெருக்கம் எகிறிடுது. லெவல் டிசைன்னு நான் ஒரு மண்ணும் பண்ணல, அவனவன் பிடிச்ச நிலமே அவனவனுக்கு நரகத்தை செஞ்சு குடுத்துருச்சு. 70 சதவீதத்துல கை நடுங்கும், 73ல ஒரே ஒரு சின்ன மூலை பிடிச்சா போதும்னு தெரியும், அப்ப தான் பெரிய மூலையைப் பாத்து ஆசை வரும், செத்துருவோம். ஒரு நாள் ராத்திரி இன்னும் ஒரே ஒரு ஆட்டம்னு சொல்லி சொல்லி ஒண்ணரை மணி ஆயிடுச்சு, பையன் எப்பவோ தூங்கிட்டான், ஆடினது நான்.

சரி, முடிவுக்கு வர்றேன். குண்டு பக்கம் பெருசா அக்கறை இல்லாம மூளைக்கு வேலை, வீட்ல எல்லாரும் ஆடணும், லினக்ஸ்ல வம்பில்லாம ஓடணும்னா கண்ணை மூடிக்கிட்டு கேபவுன்ஸ், வேற யோசனையே வேண்டாம். கைவேகம் தான் முக்கியம், தோத்தாலும் அழகா தோக்கணும்னா ஆர் ரூட்டேஜ், அது பிடிச்சுதுன்னா பார்செக் 47. பத்தே நிமிஷம் ஆபீஸ் லஞ்ச்ல ஓட்டணும்னா பிரவுசர்ல ஏதாவது ஒரு ஜோனிக்ஸ் காப்பி, ஆனா மேல சொன்ன சும்மா நிக்கற டெஸ்ட்டைப் போட்டுப் பாத்துட்டு. காசு குடுக்கத் தயார், இல்ல நேர் வழியில கிடைக்கற வசதி இருக்குன்னா வோல்ஃபீட், அதுக்கு மேல இந்த ரகத்துல எனக்குத் தெரிஞ்சு இல்ல, கிக்ஸ் அதுக்கு அடுத்தது. ஐஓ கேம்ங்களை நான் சிபாரிசு பண்ண மாட்டேன், விளம்பரத்துக்கு நடுவுல கேம் வருது.

ரெண்டும் கலந்த ஏதோ ஒரு குட்டி ஃப்ரீவேர் உங்க கண்ணுல பட்டா, இறக்கினதும் ரெண்டு விஷயம் பாருங்க. வரப்புல உட்கார விடுதா, ஆளுக்குத் தப்பின குண்டு கோட்டை வெட்டுதா. முதலாவதுக்கு ஆமான்னா சலிச்சுரும். ரெண்டாவதுக்கு ஆமான்னா கோபம் வரும், ஆனா அந்தக் கோபத்துக்காகவே ஆடறவங்களும் இருக்காங்க, என் ஆபீஸ்ல ஒருத்தர் அந்த முதல் வெர்ஷன் தான் ஒரிஜினல்னு சாதிக்கறார், குண்டை கோட்டுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துக்கிட்டுப் போகணும், அதான் திறமையாம். அவர் சொல்ற மாதிரி ஆடிப் பாத்தேன், முதல்ல வரப்புல நின்னு குண்டை ஒரு பக்கமா வரவழைச்சு, அது பறந்து முடியற இடைவெளியில இறங்கி ஆறேழு கட்டம் மட்டும் வளைச்சுட்டு ஏறிடறது. வேலை செய்யுது தான். ஆனா பையனுக்கு அவ்ளோ பொறுமை கிடையாது, எனக்கும் தான்.

இப்ப லேப்டாப்ல கேபவுன்ஸ் அம்மாவுக்கு, ஆர் ரூட்டேஜ் எனக்கு, நான் எழுதின கேம் பையனுக்கு, அதுக்கு இன்னும் பேர் வைக்கல. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி அவனோட பெஸ்ட் 88 சதவீதம், ஒரு லைஃப் கூட போகாம. போன வாரம் போன் பண்ணி அந்த கேமை வாட்ஸ்அப்ல அனுப்புங்க மாமான்னான், டேய் அது கீபோர்ட்ல ஆடறது, போன்ல அம்புக்குறி கீ எங்கடா இருக்குன்னேன், அப்ப போன்ல ஆடற மாதிரி எழுதிருங்கன்னு சாதாரணமா சொல்லிட்டு வச்சுட்டான். எழுதிக்கிட்டு இருக்கேன். விரலை வச்சு இழுத்தா ஆள் போற மாதிரி பண்ணியாச்சு, இப்ப விரலே அடியில வர்ற குண்டை மறைக்குது.